ரோனி லாட் இடைவேளையில் விரலை வெட்டிக்கொள்ளவில்லை, போதும் நிறுத்துங்கள்

ஆதாரம்_எங்கே

அமெரிக்கக் கால்பந்து பற்றிய "தடுப்பாட்ட அரக்கர்கள்" இழையில் மோதல்மன்னன் நேற்று எழுதியதை அப்படியே இங்கே ஒட்டுகிறேன்: "சான் பிரான்சிஸ்கோ நைனர்ஸ் அணியின் ரோனி லாட், ஆட்டத்தின் நடுவே சுண்டுவிரல் நசுங்கியதும் இடைவேளையில் உள்ளே போனார், டாக்டரை வெட்டச் சொன்னார், கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டாம் பாதி ஆட வந்துவிட்டார். இதுதான் வீரம்." கீழே வரிசையாகக் கைதட்டல். எந்த ஆட்டம், எந்த ஆண்டு, எதிரணி யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். 1985 டிசம்பர் 22, லீக் சுற்றின் கடைசி ஆட்டம், எதிரணி டல்லாஸ் கவ்பாய்ஸ். டிம்மி நியூசம் என்ற ஃபுல்பேக்கைத் தடுக்கப் போனபோது லாட்டின் இடது சுண்டுவிரல் நசுங்கியது. அன்று வெட்டவில்லை. டிசம்பர் 29, நியூயார்க் ஜயண்ட்ஸுடன் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று. விரலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடினார். அன்றும் வெட்டவில்லை. 17-3 என்று தோற்று சீசன் முடிந்தது. அதற்கப்புறம், ஆட்டமே இல்லாத மாதங்களில்தான் அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எலும்பு ஒட்டுவைத்து விரலைச் சரிசெய்யும் அறுவை. ஆனால் ஆறுவதற்கு நெடுநாள் ஆகும். இன்னொன்று, நுனியை எடுத்துவிடுவது. 1986 சீசனுக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இதில் இடைவேளை எங்கே வருகிறது? யாராவது காட்டுங்கள்.

மோதல்மன்னன்

இதற்குத் தனி இழை வேறா? அண்ணே, உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையே இல்லையா? ஆக, வெட்டினார். நான் சொன்னதும் அதுதான்.

ஆதாரம்_எங்கே

நீங்கள் சொன்னது இடைவேளையில்.

மோதல்மன்னன்

வெட்டினாரா இல்லையா?

ஆதாரம்_எங்கே

எப்போது?

மோதல்மன்னன்

வெட்டினாரா இல்லையா? ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள். கட்டுரை வேண்டாம்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

பதினான்கு ஆண்டு ஆடிய மனிதரை ஒரு சுண்டுவிரலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டீர்கள் இருவரும். நைனர்ஸின் சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கில் அந்தக் கடற்காற்றில் நடுங்கிக்கொண்டு லாட் ஆடியதைப் பார்த்தவன் என்ற முறையில் நாலு வரி சொல்கிறேன்.

1980-ல் நைனர்ஸ் ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. எதிரணி யார் பந்து எறிந்தாலும் பின்வரிசையில் ஓட்டைதான். 1981 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரிப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வில், பயிற்சியாளர் பில் வால்ஷ் முதல் சுற்றில், எட்டாவது ஆளாக லாட்டை எடுத்தார். கூடவே எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன். மூன்று புதுமுகங்களையும் ஒரே சீசனில் பின்வரிசையில் நிறுத்தினார். பழைய ஆள் டுவைட் ஹிக்ஸ் ஒருவர்தான். ஊரே சிரித்தது. அந்த சீசன் 13 வெற்றி, 3 தோல்வி, கடைசியில் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வெற்றி. லாட் அந்த முதல் ஆண்டிலேயே ஏழு இண்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது), அதில் மூன்றை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி டச்டவுனாகத் திருப்பிக் கொண்டுவந்தார். புதுப் பையன் மூன்று! பந்து எறியும் மோன்டானாவின் பெயரையே கத்துகிறவர்களுக்கு இது தெரியுமா?

அவர் அடித்தால் சத்தம் மேல் வரிசைக்கு வரும். பந்தைப் பிடிக்க வருகிறவன் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரும்போது ஒரு கண்ணால் பந்தையும் இன்னொரு கண்ணால் 42-ஆம் எண் சட்டையையும் பார்ப்பான். அதுதான் லாட். பிறவி சேஃப்டி, பின்வரிசையின் கடைசிக் காவல். விரலாம் விரல்.

ஆதாரம்_எங்கே

"பிறவி சேஃப்டி"? பெரியவரே, நீங்கள் புகழும் அந்த 1981-ல் அவர் இடது கார்னர்பேக், ஓரத்துக் காவல். சேஃப்டிக்கு மாறியது 1985-ல். பார்த்தவன் என்கிறீர்கள். காற்று கண்ணில் பட்டுவிட்டதோ?

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

தம்பி, கல்லூரியில் என்ன ஆடினார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். யுஎஸ்சியில் சேஃப்டி. அங்கே அவர்கூடப் பின்வரிசையில் இருந்தவர்கள் டென்னிஸ் ஸ்மித், ஜோயி பிரவ்னர், பிற்பாடு பயிற்சியாளரான ஜெஃப் ஃபிஷர். இவர் கார்னருக்குப் போனது வால்ஷுக்கு அங்கே ஆள் இல்லாததால். நாலு வருடம் வேறு வீட்டில் குடியிருந்தால் பிறந்த வீடு மாறிவிடுமா?

போன வருடம் "தி கேட்ச்" (1982-ல் டல்லாஸுக்கு எதிராக டுவைட் கிளார்க் பிடித்த பந்து) விவகாரத்திலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு வந்து நின்றீர்கள். நான் மறக்கவில்லை.

ஆதாரம்_எங்கே

அந்த இழையில் யார் பதில் சொல்லாமல் போனார் என்று எல்லோருக்கும் தெரியும். பின்வரிசை விஷயத்தைப் பிறகு பார்ப்போம். இப்போது கேள்வி இடைவேளை.

செவிலி_மாலா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எலும்பு நொறுங்கி, மேலே சதையும் போன விரலை ஒட்டுவைத்துச் சேர்ப்பது நேரம் பிடிக்கும் வேலை. அதற்கப்புறம் விரல் மடங்க வேண்டும், பயிற்சி வேண்டும், தொற்று வராமல் பார்க்க வேண்டும். வெட்டுவதும் கத்தரிக்கோல் வேலை இல்லை. எலும்பு நுனியைச் சீர்செய்து, நரம்பு முனையைப் பார்த்து, தோலை மேலே இழுத்து மூட வேண்டும். சில நிமிட இடைவேளையில் இதைச் செய்துகொண்டு, உடனே போய் ஓர் ஆளை முட்டுவது என்பதெல்லாம் சினிமாவில் நடக்கும்.

மோதல்மன்னன்

அக்கா, நீங்கள் பார்த்தது சாதாரண நோயாளிகளை. இவர் ரோனி லாட்.

செவிலி_மாலா

ரோனி லாட்டுக்கும் ரத்தம் வரும் தம்பி.

ராம்ஸ்_ரத்தம்

ஒரு சுண்டுவிரல் நுனிக்கு இத்தனை கூச்சலா? எங்கள் ஜாக் யங்பிளட் கால் எலும்பு முறிந்து ஆடினார். 1979 சீசன் பிளேஆஃபில் டல்லாஸுடன் ஆடும்போது இடது கால் ஃபிபுலா முறிந்தது. கட்டிக்கொண்டு வந்தார், 21-19 என்று ராம்ஸ் வென்றது. அடுத்து டாம்பா பேயோடு 9-0. அதற்கடுத்து சூப்பர் பவுல், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். அதையும் ஆடினார். அதோடு விட்டாரா? புரோ பவுலும் ஆடினார், அது வெறும் காட்சி ஆட்டம். இதற்கு இடைவேளைக் கதை எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. உள்ளதே போதும்.

மோதல்மன்னன்

காலை வெட்டினாரா?

ராம்ஸ்_ரத்தம்

என்ன?

மோதல்மன்னன்

வெட்டினாரா இல்லையா? இல்லை. அப்புறம் என்ன பேச்சு?

தேன்மொழி_சின்சினாட்டி

பெங்கால்ஸ் ரசிகை ஒருத்தி இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எங்கள் அணி அந்தக் காலத்தில் போன இரண்டு சூப்பர் பவுலிலும் இவர்களிடம்தான் தோற்றது. 1982 ஜனவரியில் 26-21, 1989 ஜனவரியில் 20-16. முதல் தடவை கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே போக முடியாமல் திரும்பினோம். இரண்டாம் தடவை நான்காம் கால்பகுதியில் லூயிஸ் பில்லப்ஸ் கையில் வந்து விழுந்த மோன்டானாவின் பந்தை விட்டார். அடுத்த எறிதலிலேயே ஜெர்ரி ரைஸ் டச்டவுன்.

அந்த 1989 ஆட்டத்தில்தான் லாட் எங்கள் இக்கி வுட்ஸை அடித்தார். அந்த சீசன் முழுக்க டச்டவுன் போட்டுவிட்டு நடனம் ஆடிக்கொண்டிருந்த புதுப்பையன். அந்த அடிக்கு முன் அவன் ஓடியது ஒரு மாதிரி, பின் ஓடியது வேறு மாதிரி. லாட்டை எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த அடி சுத்தமானது என்று சொல்லும் நேர்மை எனக்கு இருக்கிறது.

தைரியம் பற்றிப் பேசினால் அதே ஆட்டத்தில் முதல் கால்பகுதியில் கால் முறிந்த எங்கள் டிம் க்ரம்ரியைச் சொல்லுங்கள். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். அடுத்த சீசனே காலுக்குள் கம்பியோடு வந்து ஆடினார்.

மோதல்மன்னன்

கம்பி வைத்தார். வெட்டவில்லை. அக்காவும் என் பக்கம்தான்.

தேன்மொழி_சின்சினாட்டி

நான் யார் பக்கமும் இல்லை. முக்கியமாக உங்கள் பக்கம் இல்லை.

ஆதாரம்_எங்கே

எல்லோரும் வந்து அவரவர் ஊர் வீரரை இறக்குமதி செய்கிறீர்கள். நல்லது. ஆனால் இந்த இழையின் கேள்வி ஒன்றே ஒன்று. மறுபடியும் எழுதுகிறேன்.

டிசம்பர் 22: நசுங்கியது. வெட்டவில்லை.
டிசம்பர் 29: கட்டிக்கொண்டு ஆடினார். வெட்டவில்லை.
சீசன் முடிந்த பின்: வெட்டினார்கள்.

இந்த மூன்று வரியில் எதை மறுக்கிறீர்கள், மோதல்மன்னன்? எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. ஆட்டத்தின் சூட்டில், ரத்தம் கொதிக்கும்போது எவனும் எதையும் செய்வான். அப்போது வலிகூடத் தெரியாது. இவர் செய்தது அதைவிடப் பயங்கரம். ஆட்டம் முடிந்து, கூட்டம் வீட்டுக்குப் போய், குளிர்ந்த தலையோடு, எதிரே மருத்துவர் இரண்டு வழி சொல்லும்போது, விரலா அடுத்த சீசனா என்று எடைபோட்டு சீசனை எடுத்தார். இடைவேளைக் கதை அந்த முடிவையே திருடிவிடுகிறது. நீங்கள் அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு சின்னவராக்குகிறீர்கள்.

மோதல்மன்னன்

எண் மூன்று. "வெட்டினார்கள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

ஆதாரம் சொன்ன கடைசிப் பத்தி சரி. அவர் சொன்னதால் அது சரி இல்லை, சரியாக இருப்பதால் சரி. அதே பத்தியைப் போன வருடம் இரண்டு மடங்கு நன்றாக நானே எழுதியிருந்தேன், அப்போது இவர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வெட்டிய பிறகு என்ன நடந்தது என்று யாருமே சொல்லவில்லையே. 1986. பதினான்கு ஆட்டம்தான் ஆடினார், காயத்தால் கடைசி இரண்டு ஆட்டம் போயிற்று. ஆனாலும் பத்து இண்டர்செப்ஷன். லீக்கிலேயே அதிகம். அந்த வருடம் மோன்டானாவுக்கு முதுகு அறுவை. செப்டம்பரில் மேசையில் படுத்திருந்தார், நவம்பரில் வந்து பந்து எறிந்தார். அவர் இல்லாத வாரங்களில் அணியைத் தாங்கியது பின்வரிசை.

மோதல்மன்னன்

ஒன்பதரை விரல், பத்து இண்டர்செப்ஷன். இதைச் சட்டையில் அச்சடிக்கலாம்.

ஆதாரம்_எங்கே

ஒன்பதரை இல்லை. சுண்டுவிரலில் மூன்று எலும்பு. நுனி மட்டும் போனால் ஒன்பதே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு.

செவிலி_மாலா

மூன்று எலும்பும் ஒரே நீளம் இல்லை. நுனி எலும்புதான் சின்னது. அதிலும் முழுதாக எடுத்தார்களா பாதியா என்பதைப் பொறுத்து.

ராம்ஸ்_ரத்தம்

கடவுளே. விரலைக் கணக்குப் பாடமாக்கிவிட்டார்கள்.

மோதல்மன்னன்

ஒன்பதரைதான். ஓசை நன்றாக இருக்கிறது.

ஜயண்ட்ஸ்_ஜெகன்

விரல் போய் ஆடியவர் இவர் ஒருவர் மட்டும்தானா? ஜேசன் பியர்-பால். 2015 ஜூலை 4 பட்டாசு வெடித்து வலது கை ஆள்காட்டி விரலே போயிற்று. அது சுண்டுவிரல் நுனி இல்லை, முழு ஆள்காட்டி விரல். அதே நவம்பரில் களத்துக்கு வந்துவிட்டார். பிறகு டாம்பா பே போய் 2018-ல் 12.5 சாக் (பந்து எறிபவரைச் சாய்ப்பது). அங்கேயே சூப்பர் பவுல் மோதிரமும்.

மோதல்மன்னன்

பட்டாசு வெடித்துப் போனது வீரமா? அது தீபாவளி விபத்து.

ஜயண்ட்ஸ்_ஜெகன்

அதற்கப்புறம் ஆடியது வீரம். அதுசரி, 1985 பிளேஆஃபில் உங்கள் ஒன்பதரை விரல்காரர் ஆடியும் எங்களிடம் மூன்று புள்ளிதானே எடுத்தீர்கள்? அடுத்த வருடம் வந்தீர்கள். 49-3. அதிலும் மூன்று. மோன்டானாவை ஜிம் பர்ட் சாய்த்த அதே எறிதலை லாரன்ஸ் டெய்லர் பிடித்து டச்டவுன் கொண்டுபோனார். அது 1986 சீசன், லீக்கின் சிறந்த வீரர் விருதே டெய்லருக்கு. தடுப்பாட்டக்காரருக்கு அந்த விருது! தடுப்பாட்ட அரக்கர்கள் என்று இழை போட்டு அதில் டெய்லர் பெயரை ஐந்தாவது இடத்தில் எழுதியவர் யார்? அதையும் கேட்க வேண்டும்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

முழு எண்ணிக்கையையும் சொல்லு. சூப்பர் பவுல் நான்கு. 1982, 1985, 1989, 1990. நான்கிலும் லாட் இருந்தார். கடைசியில் டென்வரை 55-10 என்று அடித்தார்கள். உன் டெய்லரிடம் எத்தனை?

ஜயண்ட்ஸ்_ஜெகன்

இரண்டு. அதில் இரண்டாவதற்குப் போகும் வழியில் உங்கள் ஊருக்கே வந்து 15-13 என்று வென்றோம். லியோனார்ட் மார்ஷல் மோன்டானாவை அடித்தார், ரோஜர் கிரெய்க் பந்தை நழுவவிட்டார். உங்கள் மூன்றாவது தொடர் கோப்பை அங்கே போயிற்று. அந்த ஆட்டத்தில் நீங்கள் இருந்தீர்களா பெரியவரே? காற்று எப்படி இருந்தது?

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

இருந்தேன். அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

பேசுவது என்றால் அதற்கப்புறம் நிர்வாகம் செய்ததைப் பேசுவேன். பத்து வருடம் உழைத்த லாட்டையும் எட்டு வருடம் உழைத்த கிரெய்கையும் பிளான் பி என்ற முறையில் காப்புப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். இரண்டு பேரும் ரெய்டர்ஸ் போய்விட்டார்கள். வயதாகிவிட்டது என்று எண்ணி விட்டார்கள். 1991-ல் ரெய்டர்ஸ் சட்டையில் எட்டு இண்டர்செப்ஷன் எடுத்து மறுபடியும் லீக்கில் முதலிடம். இந்த முறை ஸ்ட்ராங் சேஃப்டியாக. கார்னர், ஃப்ரீ சேஃப்டி, ஸ்ட்ராங் சேஃப்டி, மூன்று இடத்திலும் ஆல்-புரோ, அதாவது லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம். இதை யாராவது எழுதினால் கைதட்டல் விழாது. விரல் என்றால் விழும்.

சுந்தர்_ஓக்லண்ட்

ரெய்டர்ஸ் பெயர் வந்ததால் சொல்கிறேன். கொடூரத் தடுப்பாட்டம் என்றால் எங்கள் ஜாக் டேட்டம்தான். லாட் எல்லாம் அதன் பிறகு.

செவிலி_மாலா

டேட்டம் பெயரை இப்படிப் பெருமையாகச் சொல்ல எப்படி மனம் வருகிறது? 1978 ஆகஸ்ட், கணக்கில் சேராத பயிற்சி ஆட்டம். டாரில் ஸ்டிங்லி, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். தலைக்கு மேல் போகும் பந்துக்காக நீண்டவரை அடித்தார். 26 வயது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. 2007-ல் இறக்கும்வரை சக்கர நாற்காலி. நீங்கள் எல்லோரும் விரல் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுந்தர்_ஓக்லண்ட்

அன்று நடுவர் கொடிகூட வீசவில்லை அக்கா. அந்தக் கால விதிப்படி அது சரியான அடி. டேட்டம் விதியை மீறவில்லை.

செவிலி_மாலா

விதி அனுமதித்தது என்பது அவருக்குப் புகழா, விதிக்கு வெட்கமா?

ஆதாரம்_எங்கே

மாலா, சுந்தர், இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். முக்கியமான விஷயம்தான், ஆனால் இங்கே இல்லை. இங்கே இன்னும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. இடைவேளை. நேற்றுக் கைதட்டிய யாராவது ஒருவர் வந்து டல்லாஸ் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் லாட் விரல் இல்லாமல் இறங்கினார் என்று சொல்லட்டும். அவர் அடுத்த வாரம் கட்டியிருந்தது விரலை. இல்லாத விரலை எப்படிக் கட்டுவார்?

மோதல்மன்னன்

மிச்சம் இருந்ததைக் கட்டியிருப்பார்.

ஆதாரம்_எங்கே

அப்படியானால் சீசன் முடிந்து எதை வெட்டினார்கள்?

மோதல்மன்னன்

மிச்சத்தில் மிச்சம்.

ராம்ஸ்_ரத்தம்

இந்த வேகத்தில் போனால் 1994-ல் ஜெட்ஸ் அணிக்குக் கடைசி சீசன் ஆடும்போது தோள்பட்டைவரை வெட்டியிருப்பார்கள்.

மட்டுறுத்துநர்_2

நண்பர்களே, பெரியவரின் வயதைப் பற்றி வந்த இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். ஆளைத் தாக்க வேண்டாம், கருத்தைத் தாக்குங்கள். இழையின் தலைப்பு ரோனி லாட்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

நீக்கியது எதற்கு? நான் பதில் எழுதி வைத்திருந்தேன்.

டல்லாஸ்_டேவிட்

தாமதமாக வருகிறேன். எனக்கு ஒரு வருத்தம். விரலை நசுக்கியது யார்? எங்கள் டிம்மி நியூசம். ஊரே லாட்டைப் பாடுகிறது, மோதலில் நின்றது இரண்டு பேர். நியூசமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் அந்த மோதலில் வென்றது யார்?

மோதல்மன்னன்

நியூசம் எந்தக் கோப்பையை வாங்கினார்?

டல்லாஸ்_டேவிட்

கோப்பை என்று தொடங்கினால் 1982 ஜனவரி 10-க்குப் போக வேண்டியிருக்கும். டுவைட் கிளார்க் பிடித்தது, 28-27. மோன்டானா பந்தை வெளியே வீசப் பார்த்தார், அது போய் கிளார்க் கையில் விழுந்தது. இதைத்தான் உலகமே "தி கேட்ச்" என்று கொண்டாடுகிறது.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

வந்துவிட்டது. இதற்காகத்தான் காத்திருந்தேன். வெளியே வீசவில்லை! அந்த ஓட்டத்தைப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கிளார்க் பின்கோட்டை ஒட்டி எந்த இடத்துக்கு வர வேண்டும், பந்து எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று வால்ஷ் சொல்லி வைத்திருந்தார். கிளார்க்கைத் தவிர வேறு யாரும் தொட முடியாத உயரம். அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்களுக்கு ஆட்டம் தெரியாது.

ஆதாரம்_எங்கே

பெரியவர் இதில் ஒன்றை விட்டுவிட்டார், எப்போதும் விடுகிறார். அந்த கேட்சோடு ஆட்டம் முடியவில்லை. அதற்கப்புறமும் டல்லாஸுக்கு நேரம் இருந்தது, ஒரு ஃபீல்டு கோல், அதாவது உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி, போதும். டேனி ஒயிட் எறிந்த பந்தை ட்ரூ பியர்சன் பிடித்து ஓடினார். நான் முதலில் சொன்ன அதே எரிக் ரைட்டின் ஒற்றைக் கை அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. சான் பிரான்சிஸ்கோவின் 44-ஆம் கஜக் கோடு. அந்தக் கை இல்லையென்றால் கிளார்க்கின் படம் எந்தச் சுவரிலும் இருக்காது.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

எரிக் ரைட்டை இந்த இழையில் முதலில் சொன்னது நான். மேலே போய்ப் பாருங்கள். திருட்டுக்கும் ஓர் அளவு உண்டு.

டல்லாஸ்_டேவிட்

யார் சொன்னாலும் சரி. அது சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. இன்றைக்கு ஹார்ஸ் காலர், 15 கஜ அபராதம். அபராதம் கொடுத்திருந்தால் நேராக ஃபீல்டு கோல் தூரம். அந்தக் கோப்பை எங்களுடையது.

ஆதாரம்_எங்கே

ஹார்ஸ் காலர் தடை வந்தது 2005-ல். 1982-ல் நடந்ததற்கு 2005 விதியா? அந்தத் தடை யாரால் வந்தது என்றும் சொல்லுங்கள் டேவிட். சொல்ல மாட்டீர்கள். உங்கள் டல்லாஸ் சேஃப்டி ராய் வில்லியம்ஸ் 2004-ல் ஒருவர் பின் ஒருவராக அப்படி இழுத்துத்தான் வந்தது. டெரல் ஓவன்ஸின் காலும் அதில்தான் போயிற்று.

தேன்மொழி_சின்சினாட்டி

டல்லாஸ் அன்று வென்றிருந்தால் சூப்பர் பவுலில் எங்களுக்கு எதிராக வந்திருப்பது நீங்கள். உங்களை வென்றிருப்போம். ஆக, எரிக் ரைட்டின் கையால் நஷ்டம் எங்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

டல்லாஸ்_டேவிட்

அக்கா, கனவுக்கு அபராதம் கிடையாது, காணுங்கள்.

தேன்மொழி_சின்சினாட்டி

கென் ஆண்டர்சன் அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரர். உங்கள் பின்வரிசையைக் கிழித்திருப்பார்.

டல்லாஸ்_டேவிட்

எங்கள் பின்வரிசையில் எவர்சன் வால்ஸ் இருந்தார். டிராஃப்டில் யாருமே எடுக்காத பையன், அதே 1981-ல் பதினொரு இண்டர்செப்ஷன், லீக்கில் முதலிடம். உங்கள் லாட் எடுத்தது ஏழு. புதுமுகங்களில் யார் பெரியவர் என்று இப்போது சொல்லுங்கள்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

கிளார்க் பந்தைப் பிடித்தபோது அந்தப் படத்தில் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்பது யார்? அதே எவர்சன் வால்ஸ். பதினொன்று எடுத்தவருக்குப் பன்னிரண்டாவது கிடைக்கவில்லை.

டல்லாஸ்_டேவிட்

அந்த ஆட்டத்திலேயே இரண்டு எடுத்தார். அதைச் சொல்ல வாய் வராதே.

ஆதாரம்_எங்கே

டேவிட், விலகாதீர்கள். பியர்சன் பிடிபட்ட அடுத்த பந்தில் என்ன நடந்தது? லாரன்ஸ் பில்லர்ஸ் டேனி ஒயிட்டைச் சாய்த்தார், பந்து நழுவியது, ஜிம் ஸ்டக்கி எடுத்தார். ஆட்டம் முடிந்தது. அபராதம் பற்றிப் பேசுவதற்கு முன் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

டல்லாஸ்_டேவிட்

சட்டையை இழுக்காமல் விட்டிருந்தால் அந்த அடுத்த பந்தே வந்திருக்காது. பியர்சன் நேராக உள்ளே போயிருப்பார்.

கேண்டில்ஸ்டிக்_பெரியவர்

எங்கே போவார்? அங்கே லாட் இருந்தார்.

டல்லாஸ்_டேவிட்

எங்கே இருந்தார்? எந்தக் கஜக் கோட்டில்? ஆதாரம் எங்கே?